பிள்ளை எந்தக் குடும்பத்தின் பெயர்?

தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை என்பதைப் பெருங்குறையாகக் கருதி வருந்துவோர் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகிறது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தின் முன் அமர்ந்தவுடன் இவ்வருத்தம் தொடங்கும். ‘சர்நேம்’ என்னும் ஒரு கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. அதில் எதை இடுவது? தந்தை பெயரையா, ஊர்ப் பெயரையா, தன் பெயரையே இரண்டாக வெட்டி ஒரு துண்டையா? திருச்சிராப்பள்ளியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பறப்போர் பலரும் ஒருமுறையேனும் அந்தக் கட்டத்தின் முன் திகைத்து நின்றிருப்பர். திகைப்பு இயல்பானது, அதனை நாம் குறை கூறவில்லை.

நாம் குறை கூறுவது அத்திகைப்பிலிருந்து சிலர் சென்று சேரும் முடிவை. “உலகில் எல்லார்க்கும் குடும்பப் பெயர் உண்டு. நமக்கும் இருந்தது. பிள்ளை, முதலியார், ஐயங்கார், செட்டியார் என்று நம் முன்னோர் இட்டுக்கொண்டவை அவைதாம். அரசியல் வந்து அவற்றைப் பறித்துக்கொண்டது. இனியேனும் மீட்டெடுப்போம்” என்பது அம்முடிவு. கற்றறிந்தோரே இதனை வரலாறு என்று நம்பிச் சொல்லுகின்றனர். திருமண அழைப்பிதழ்களிலும் சமூக வலைத்தளங்களிலும் பட்டம் மீண்டும் பெயரின் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வதைக் காண்கிறோம். ஏன் என்று வினவினால், “சாதிக்காக அன்று, சர்நேமுக்காக” என்று விடை வருகிறது.

இவ்விடை வரலாற்றின்படியும் பிழை, இலக்கணத்தின்படியும் பிழை என்பது நம் கருத்து. பட்டங்கள் அனைத்தையும் ஒருசேர ஆராய இங்கே இடமில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது ‘பிள்ளை’. காவிரியின் இரு கரைகளில் இருக்கும் திருவரங்கமும் திருச்சிராப்பள்ளியும் அச்சொல்லின் வாழ்க்கைக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுச் சான்று வைத்திருக்கின்றன. இவ்வூர்களில் அது எவ்வாறு வழங்கியது என்று கண்டால், அது எந்தக் குடும்பத்துக்கும் உரிய பெயராக இருந்ததில்லை என்பது தானே விளங்கும்.

சொல்லும் பொருளும்

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதைத் தொகுத்துக் கூறுகிறது. பிள்ளை அவற்றுள் ஒன்று. பறவையின் குஞ்சுக்கு அதனை உரிமையாக்கும் ஆசிரியர், ஓரறிவுயிராகிய செடி கொடிகளின் இளமைக்கும் அது பொருந்தும் என்கிறார். தென்னம்பிள்ளை என்று இன்றும் நாம் சொல்வது அவ்விதிக்கு உயிருள்ள உதாரணம். கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை எல்லாம் இவ்வழியில் வந்தவையே. பின்னர் அச்சொல் மனிதக் குழந்தைக்கு வழங்கியது, மகனுக்கு வழங்கியது, அன்புக்குரிய இளையோர் எவர்க்கும் வழங்கியது. தெய்வத்தையே குழந்தையாக்கிப் பாடும் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை அவ்வன்பின் உச்சம்.

‘மகன்’ என்னும் பொருளுடைய சொல் குடும்பப் பெயராவது உலகில் புதிதன்று. ஸ்காட்லாந்து நாட்டின் கேலிக் மொழியில் ‘மக்’ என்றால் மகன். மக்டொனால்டு என்றால் டொனால்டின் மகன். நம் ‘மகன்’ ஒலிக்கும் அந்த ‘மக்’கின் ஒலிக்கும் உள்ள ஒப்புமையைக் கண்டவுடன் இரண்டும் ஒரே வேர் என்று கட்டுரை எழுத விரையும் நண்பர்களை வணக்கத்துடன் தடுக்கிறோம், அது தற்செயல். ஒப்பிட வேண்டியது ஒலியை அன்று, வரலாற்றை. தொடக்கத்தில் ‘மக்’ உண்மையாகவே தந்தையைச் சுட்டியது, தலைமுறைதோறும் மாறியது. பிற்காலத்தில் ஒரு தலைமுறையில் உறைந்து நின்றுவிட்டது. அதன்பின் மக்டொனால்டு என்னும் பெயருடையவரின் தந்தைக்கு வேறு பெயர் இருந்தாலும் அவர் மக்டொனால்டுதான். அப்பெயர் பூண்டோர் அனைவரும் ஒரே குருதியினர் என்பதும் இல்லை. குடித்தலைவனின் நிலத்தில் வாழ்ந்தோரும் அவன் காவலை நாடியோரும் அவன் பெயரை ஏற்றனர். அந்நாட்டைச் சார்ந்த ஷெட்லாந்துத் தீவுகளில் தந்தை பெயரைத் தலைமுறைதோறும் மாற்றியிடும் பழைய வழக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. ஆகவே நிலைத்த குடும்பப் பெயர் என்பது மனித இயற்கை அன்று. ஒரு காலகட்டத்தின் ஏற்பாடு. பெயர் உறைவதற்கு முன்னும் அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். ஒருவரையொருவர் அடையாளம் கண்டார்கள்.

திருவரங்கத்துப் பிள்ளைகள்

இனித் திருவரங்கத்துக்கு வருவோம். குருபரம்பரை நூல்கள் கூறும் செய்தி இது. நஞ்சீயர் திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி என்னும் உரையை இயற்றி, அதனைத் திருத்தமாகப் படியெடுக்கும் பணியை வரதராசர் என்னும் மாணவரிடம் ஒப்படைத்தார். ஏட்டுடன் காவிரியைக் கடக்கையில் வெள்ளம் ஏட்டைக் கொண்டுபோயிற்று. வரதராசர் தாம் கேட்ட பொருளை நினைவிலிருந்தே மீண்டும் எழுதினார். சில இடங்களில் மூலத்தினும் நயம்படவே எழுதினார். அதனைக் கண்ட ஆசிரியர் சினக்கவில்லை. “நம் பிள்ளை” என்று தழுவிக்கொண்டார். அன்றுமுதல் வரதராசர் நம்பிள்ளை ஆனார்.

இச்செய்தியை ஒருகணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நஞ்சீயர் துறவி. அவர் ‘பிள்ளை’ என்றது குருதி வழியால் அன்று, கல்வி வழியால். பிறப்பால் கிடைத்ததும் அன்று. வெள்ளத்தில் போனதை அறிவால் மீட்டவர்க்குக் கிடைத்தது. அந்த ‘நம்’ என்னும் முன்னொட்டில் ஓர் ஆசிரியனின் பெருமிதம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நம்பிள்ளையின் மாணவருள் ஒருவர் கிருட்டிணர். ஆழ்வார்களின் நாலாயிரத்துக்கும் உரை கண்டு பெரியவாச்சான் பிள்ளை எனப் புகழ்பெற்றார். மற்றொருவர், ஆசிரியர் சொன்ன திருவாய்மொழிப் பொருளை ஈடு முப்பத்தாறாயிரப்படியாக எழுதி வைத்தவர். அவர் பெயர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. திருவரங்கத்தில் அவர் வாழ்ந்த தெருவே அவர் பெயராயிற்று. இவர்க்குப் புதல்வர் இருவர். மூத்தவர் பிள்ளை லோகாசாரியர். 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது நம்பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு திருவரங்கத்தை விட்டு வெளியேறி, மதுரைப் பக்கத்தில் உயிர்நீத்தவர். லோகாசாரியர் என்னும் பெயர் தந்தையிடமிருந்து வந்ததன்று. தந்தையின் ஆசிரியராகிய நம்பிள்ளைக்கு வழங்கிய சிறப்புப் பெயர் அது. இளையவர் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார்.

குடும்பப் பெயர் என்போர் இங்கே விடை கூறட்டும். தந்தை பிள்ளை, மூத்த மகன் பிள்ளை, இளைய மகன் நாயனார். ஒரே வீட்டில் பிறந்த இருவர்க்கு இரு சிறப்புச் சொற்கள். மூத்தவர்க்கோ அச்சொல் பெயரின் முன்னே நிற்கிறது. தந்தைக்குப் பின்னே நிற்கிறது. இது எந்தக் குடும்பத்தின் பெயர்?

சரி, குடும்பப் பெயர் இல்லையெனினும் குலப் பெயராக இருக்கக்கூடாதா எனின், அதற்கும் இவ்வூரிலேயே மறுப்பு உண்டு. மேலே கூறியோர் அந்தணர் குலத்தவர். இவர்களுக்கு முன்பே, இராமானுசர் காலத்தில், காவிரியின் தென்கரையில் உறையூரில் வாழ்ந்தவர் உறங்காவில்லி தாசர். அவர் மல்லர், அரசனிடம் ஊழியம் பார்த்தவர். மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் மயங்கிக் கிடந்த அவரை இராமானுசர் அரங்கன் கண்ணழகின்பால் திருப்பினார் என்பது எல்லாரும் அறிந்த கதை. நீராடி மீளுகையில் இராமானுசர் அவர் கையைப் பற்றிக்கொண்டு நடந்தார் என்றும், மாணவர் சிலர்க்கு அது பொறுக்கவில்லை என்றும் வைணவ மரபு கூறும். அம்மரபு அவரை வழங்கும் பெயர் பிள்ளை உறங்காவில்லி தாசர். பிள்ளை லோகாசாரியரின் மாணவராய்த் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து சப்தகாதை இயற்றியவர் விளாஞ்சோலைப் பிள்ளை. அவரை ஈழவர் குலத்தவர் என்று அதே மரபு சொல்லுகிறது.

அந்தணரும் மல்லரும் ஈழவரும் ஒரே சொல்லால் அழைக்கப்பட்டனர். சாதியைச் சுட்டும் சொல்லாயின் இது நடந்திராது. சாதியைக் கடந்து ஒருவரை அணைத்துக்கொள்ளும் சொல்லாக இருந்தமையால் நடந்தது. இன்று “எங்கள் பழம்பெருமை” என்று அதனை வேலியாக்கி நிற்போர், அச்சொல்லின் பெருமை வேலியைத் தாண்டியதில்தான் இருந்தது என்பதை அறியார்.

சொல் பட்டமான கதை

பின்னர் என்ன நேர்ந்தது? பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் அரச குமாரரைப் பிள்ளையார் என்று குறிக்கும் வழக்கு உண்டு. மகன் என்னும் பொருள் மதிப்புப் பொருளாக நகர்வதை அதில் காணலாம். ஊர்க்கணக்கு எழுதுவோர் கணக்குப்பிள்ளை ஆயினர். அங்கே அது ஒரு தொழிற்பெயர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் வரை அப்பெயர் பயணம் செய்தது. வேளாளர் பலர் அதனைத் தம் பெயரின் பின்னே இட்டனர். கருணீகரும் இட்டனர். இசை வேளாளரும் இட்டனர். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையை அறியாதார் யார்? மலையாள நாட்டில் நாயர் குலத்தவர்க்கு அது வழங்கியது; தகழி சிவசங்கரப் பிள்ளை அவ்வழியினர். கத்தோலிக்கராகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826இல் பிறந்தவர், தமிழின் முதல் நாவலைத் தந்தவர், அவர் பெயரிலும் அது இருந்தது. இத்தனை குலங்களுக்கும் சமயங்களுக்கும் பொதுவான ஒன்றை எவருடைய தனி அடையாளம் என்று சொல்வது?

நம்மூர்ப் பெரும்புலவர் ஒருவரின் பெயரையே பிரித்துப் பார்ப்போம். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876). திரிசிரபுரம் ஊர், மகாவித்துவான் புலமைச் சிறப்பு, மீனாட்சிசுந்தரம் இயற்பெயர், பிள்ளை மதிப்புச் சொல். மேனாட்டு முறைப்படி அவரைக் ‘திருவாளர் பிள்ளை’ என்று மட்டும் குறித்தால் எஞ்சுவது என்ன? புலவரும் போவார், ஊரும் போகும், தலபுராணங்கள் பாடிய மனிதரும் போவார்; எத்தனையோ ஆயிரம் பேர்க்குப் பொதுவான ஒரு சொல் மட்டும் நிற்கும். அவருடைய மாணவரோ இன்றுவரை உ.வே.சா. என்றே அறியப்படுகிறார். உத்தமதானபுரம் ஊர், வேங்கடசுப்பையர் தந்தை, சாமிநாதர் தாம். மூன்றெழுத்தில் ஒரு வாழ்க்கைக் குறிப்பே அடங்கிவிட்டது.

பட்டம் குடும்பப் பெயரான கதை

பிள்ளை என்பது உண்மையாகவே குடும்பப் பெயரான இடங்கள் உண்டு. அவை தமிழகத்துக்கு வெளியே உள்ளன. 1860ஆம் ஆண்டு நவம்பரில் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதன் பின் அரை நூற்றாண்டுக் காலம் கப்பல்கள் சென்றன. பதிவேட்டில் பெயர், தந்தை பெயர், சாதி, ஊர் என்று தனித்தனிக் கட்டங்கள். அவர்தம் வழிவந்தோர்க்குப் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் நிலப்பதிவிலும் ஒரு நிலைத்த பின்பெயர் வேண்டியிருந்தபோது, சாதிக் கட்டத்திலும் மதிப்புச் சொல்லிலும் இருந்தவை பெயராய் உறைந்தன. பிள்ளை ‘பிள்ளே’ ஆயிற்று. கவுண்டர் ‘கோவெந்தர்’ ஆயிற்று. முதலி ‘மூட்லி’ ஆயிற்று. நாயுடு, படையாட்சி, செட்டி எல்லாம் அவ்வாறே. மொரீசியசிலும் பிள்ளே பெருவழக்கு. 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை உயர் ஆணையராக இருந்த நவநீதம் பிள்ளே டர்பனில் பிறந்தவர்.

அயலகத்துப் பிள்ளேக்களை நாம் பழிக்கவில்லை. கடல் கடந்து, கரும்புத் தோட்டத்தில் உழைத்து, மொழியையும் பெரும்பாலும் இழந்துவிட்ட ஒரு கூட்டத்துக்கு அச்சொல் ஒன்றே தாயகத்தின் நினைவாக எஞ்சியிருக்கக்கூடும். அங்கே அது உண்மையான குடும்பப் பெயர். அவர்கள் அதனைப் போற்றுவது முறையே. ஆனால் அங்கே பதிவேட்டின் நெருக்கடியால் நேர்ந்ததை இங்கே பண்டை மரபு என்று காட்டுவது முறையன்று.

ஒரு நாட்டின் பெயர் மறுநாட்டுக்குப் போனால் அந்நாட்டு வழக்குக்கு வளையும். எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. கால்டுவெல் என்பது ஸ்காட்லாந்தின் ஓர் இடப்பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர். குளிர்ந்த ஊற்று என்பது அதன் பொருள். ஸ்காட்லாந்துப் பெற்றோர்க்கு அயர்லாந்தில் 1814இல் பிறந்த இராபர்ட் கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். திருநெல்வேலிச் சீமைக் கிறித்தவர்கள் அன்பினால் தம் பிள்ளைகளுக்குக் கால்டுவெல் என்று பெயரிட்டனர். இங்கே அது குடும்பப் பெயராகவா நின்றது? இல்லை, இயற்பெயராயிற்று. தந்தையின் தலைப்பெழுத்து அதன் முன்னே வந்து அமர்ந்தது. அவர்கள் மதிப்புச் சொல்லை அவர்கள் வழக்கில் குடும்பப் பெயராக்கினர். அவர்கள் குடும்பப் பெயரை நம் வழக்கில் நாம் இயற்பெயராக்கினோம். தன் வழக்கில் நம்பிக்கை உடைய மொழி இவ்வாறுதான் செய்யும்.

நம் முறை எது?

அப்படியாயின் தமிழரின் பெயர்முறைதான் யாது? உறையூரையே கேட்கலாம். சங்கத் தொகைகளில் உறையூர்ப் புலவர் பலர் உளர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார்: ஊர், சேரி, பெயர். உறையூர் மருத்துவன் தாமோதரனார்: ஊர், தொழில், பெயர். உறையூர் இளம்பொன் வாணிகனார் பெயரிலும் தொழில் இருக்கிறது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் ஊர், தந்தை, மகன் என்னும் முறை வெளிப்படை. தொல்காப்பியம் ஒருபடி மேலே சென்று, தந்தை பெயரும் மகன் பெயரும் அடுத்தடுத்து நின்று புணருங்கால் எழுத்து எவ்வாறு திரியும் என்பதற்கு விதியே வகுத்திருக்கிறது. சாத்தன் மகனாகிய கொற்றன் சாத்தங்கொற்றன். இலக்கண நூல் புணர்ச்சி விதி வகுக்கும் அளவுக்கு அவ்வழக்கு ஊன்றியிருந்தது. 1995 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்து இன்று கரூர் மாவட்டத்தில் இருக்கும் புகழூர்க் குகைக் கல்வெட்டைப் பாருங்கள்: சேர மன்னன், அவன் மகன், அவன் மகன் என மூன்று தலைமுறை ஒரே தொடரில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அரசனுக்கும் அதே முறை.

நாம் ‘இனிஷியல்’ என்று ஆங்கிலச் சொல்லால் அழைக்கும் தலைப்பெழுத்து இந்த முறையின் சுருக்கமேயன்றி வேறில்லை. எழுத்தாகச் சுருக்கியது ஆங்கிலேயர் கால அலுவலக வழக்கம். சுருக்கப்பட்ட பொருள் ஈராயிரம் ஆண்டுப் பழையது. நாகர்கோவில் பக்கத்தில் ஊரும் தந்தையும் இரண்டு எழுத்தாக முன்னே நிற்பது உறையூர்ப் புலவர் முறையே. நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதனும் சீர்காழி, இராமாமிர்தம், அரங்கநாதன் என்று மூன்று சொல்லால் ஆனவர். திருவரங்கம் தமிழ் எழுத்துலகுக்கு இரண்டு அரங்கராசன்களைத் தந்தது. ஒருவர் மனைவியின் பெயரில் சுசாதா ஆனார்; மற்றவர் வாலி ஆனார். ஐயங்கார் என்னும் ஒட்டை இருவரும் எழுத்தில் தூக்கித் திரியவில்லை. அதனால் எவரேனும் அவர்களை அடையாளம் காணாமற் போனதுண்டா?

இம்முறையை அறியாத உலகம் தடுமாறியதுண்டு, மறுக்கவில்லை. திருவானைக்காவில் 1888இல் பிறந்த வேங்கடராமனை அயலவர் ‘வேங்கட’, ‘ராமன்’ என்று இரண்டாக்கினர். பிற்பாதி குடும்பப் பெயராகி ராமன் விளைவு பிறந்தது. விசுவநாதன் ஆனந்தைச் சதுரங்க உலகம் செல்லமாக ‘விஷி’ என்கிறது. அது தந்தையின் பெயர் என்பதை அறியாமலே. இதனால் ராமனுக்கு நோபல் பரிசு நிற்கவில்லை. ஆனந்துக்கு உலகப் பட்டம் நழுவவில்லை. சிறிது விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவே.

மறுப்புகளும் விடைகளும்

“உலகச் சட்டம் குடும்பப் பெயர் கேட்கிறதே, என் செய்வது?” என்பது முதல் மறுப்பு. உலகச் சட்டம் அவ்வாறு கேட்கவில்லை. கடவுச்சீட்டின் அமைப்பை வகுக்கும் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303ஆம் ஆவணம், பெயரை முதன்மை அடையாளம், துணை அடையாளம் என்று பிரிக்கிறது. பிரிக்க இயலாத பெயராயின் முழுப்பெயரையும் முதன்மை அடையாளமாக இடலாம் என்கிறது. இடர் உண்மையில் இருப்பது அந்தந்த நாட்டு நடைமுறைகளில். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயருடையோர்க்கு ‘எஃப்.என்.யூ.’, அதாவது முதற்பெயர் தெரியவில்லை, என்று அச்சிடுகின்றனர். பெயரைச் சொன்ன பிறகும் தெரியவில்லை என்பது யாருடைய அறியாமை? 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒரே சொல்லாகப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது நம் பகுதியில் பெருங்கலக்கம் உண்டாயிற்று. ஆனால் தந்தை பெயர் கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் இருப்பினும் ஏற்கப்படும் என்னும் விளக்கமும் உடன் வந்தது. அவர்கள் கேட்டது இன்னொரு பெயரை. சாதிப் பட்டத்தை அன்று.

தந்தை பெயர் முறையை அரசுகளால் பதிவுசெய்ய இயலாது என்பதும் பொய். ஐசுலாந்தில் இன்றும் பெரும்பாலோர்க்கு நிலைத்த குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரோ தாய் பெயரோ தலைமுறைதோறும் மாறி வரும். அந்நாட்டுத் தொலைபேசி விவரத்திரட்டு இயற்பெயர் வரிசையில் அமைந்திருந்தது. மலேசியாவில் நம்மவர் அடையாள அட்டையில் ‘இன்னாரின் மகன்’, ‘இன்னாரின் மகள்’ என்னும் மலாய்ச் சுருக்கம் இடம்பெறுகிறது. நம்மினும் சிறிய நாடுகள் செய்துகொண்ட ஏற்பாட்டை, ஏழு கோடி மக்களுடைய தமிழ்நாடு இந்திய அரசிடம் கேட்டுப் பெற இயலாதா?

“குடும்பப் பெயர் இருந்தால் ஆளை வேறுபடுத்துவது எளிது” என்பது இரண்டாம் மறுப்பு. டர்பனில் பிள்ளே என்று கூவினால் எத்தனை பேர் திரும்புவர்? ஸ்காட்லாந்தின் மேலைத் தீவுகளில் ஒரே குடிப்பெயர் உடையோர் மிகுந்துவிட்டமையால், தந்தை பெயரையும் பட்டப்பெயரையும் சேர்த்துச் சொல்லித்தான் ஊரார் ஒருவரை அடையாளம் கண்டனர். குடும்பப் பெயர் முற்றிய இடத்தில் அவர்கள் மீண்டு வந்து சேர்ந்தது நம் முறைக்கே.

மூன்றாம் மறுப்பு கூரியது. “பெயரிலிருந்து சாதியை எடுத்தீர்கள்; ஊரிலிருந்து எடுத்தீர்களா?” என்பது அது. இல்லை, எடுக்கவில்லை. பட்டத்தை யாரும் பறிக்கவுமில்லை, உதறினார்கள். 1927இன் இறுதியில் ஈ.வெ.ரா. தம் பெயரின் பின்னிருந்த நாயக்கரை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதனை எல்லார்க்கும் உரிய தீர்மானமாக்கியது. அதற்குத் தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியனாரும் தம் பட்டத்தை விட்டவர். அதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று நாம் பொய்யுரைக்க மாட்டோம். ஆயினும் ஒன்று நடந்திருக்கிறது. கல்லூரி வகுப்பில் வருகைப் பதிவேட்டை எடுத்து நாம் பெயர்களைப் படிக்கையில், அறுபது பெயர்களில் ஒன்றுகூட அம்மாணவரின் சாதியை நம்மிடம் உரத்துச் சொல்வதில்லை. விடைத்தாள் திருத்துவோர்க்கும் சொல்வதில்லை. பக்கத்து இருக்கைக்காரர்க்கும் சொல்வதில்லை. அறிய விரும்புவோர் வேறு வழியில் அறிவர். ஆனால் முயன்றுதான் அறிய வேண்டும். பட்டம் உள்ளவர் தம் பட்டத்தைப் பெருமையுடன் இடும் நாளில், பட்டம் இல்லாதவரின் வெறுமையும் ஓர் அறிவிப்பாகிவிடும். ‘சர்நேமுக்காக’ என்று கூறுவோர் இதனை எண்ணினார்களா? அவர்கள் நிரப்பும் கட்டம் அடுத்தவரின் நெற்றியில் எழுதுகிறது.

நான்காவது, பெண்கள் எழுப்பும் மறுப்பு. இதற்கு நாம் தலைவணங்குகிறோம். தலைப்பெழுத்து தந்தையுடையது, திருமணத்துக்குப் பின் கணவனுடையது, தாய் எங்கே? நியாயமான வினா. திருமணமானால் தலைப்பெழுத்தை மாற்ற வேண்டும் என்று எச்சட்டமும் கூறவில்லை, மாற்றுவது வெறும் பழக்கம், விட்டுவிடலாம். தாயின் எழுத்தையும் தந்தையின் எழுத்தையும் சேர்த்திடுவோர் இன்று பலர். இதுவே தலைப்பெழுத்து முறையின் சிறப்பு. அது உறையாதது, ஆகவே திருத்தத்தக்கது. உறைந்த குடும்பப் பெயரோ தந்தை வழியிலேயே ஓடும்; அதில் தாயை நுழைக்க எத்தனை போராட்டம் வேண்டியிருக்கிறது என்பதை மேனாட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

செய்யத்தக்கது

கட்டத்தின் முன் திகைத்து நிற்கும் இளையோர்க்கு நாம் கூறுவது இதுதான். உங்கள் பெயரை உடைக்காமல் இயற்பெயர்க் கட்டத்தில் முழுமையாக எழுதுங்கள். மற்றொரு பெயர் கட்டாயம் வேண்டுமெனில் தந்தை பெயரையோ தாய் பெயரையோ விரித்தெழுதுங்கள். பள்ளிச் சான்றிதழ் முதல் கடவுச்சீட்டு வரை அதே எழுத்துக்கூட்டலைக் கையாளுங்கள். ஊர்ப்பெயர் வேண்டுவோர் ஊரை எழுதலாம், முடமோசியார் எழுதினார். பாட்டனின் பட்டத்தைத் தேடி எடுத்து ஒட்டாதீர்கள். அலுவலர் கேட்டால், எம் மொழியில் பெயர் இவ்வாறுதான் அமையும் என்று நிமிர்ந்து சொல்லுங்கள். திருத்தப்பட வேண்டியது விண்ணப்பம். உங்கள் பெயர் அன்று.

பிள்ளை என்னும் சொல்லை மீட்க வேண்டும் என்போர்க்கும் ஒரு வார்த்தை. மீட்போம்; ஆனால் நஞ்சீயரின் பொருளில் மீட்போம். எந்தக் குலத்தில் பிறந்தவனாயினும், வெள்ளம் கொண்டுபோனதைத் தன் கல்வியால் திரும்பக் கொண்டுவந்து நிற்கும் மாணவனைத் தழுவி, “நம் பிள்ளை” என்று சொல்லும் வாய் நமக்கு இருக்குமானால் அச்சொல் வாழும். இல்லையேல் அது கடவுச்சீட்டின் ஒரு கட்டத்தில் கிடந்து மடியும்.